மாற்றிச் சொன்னவரெல்லாம் பொய் சொன்னவரில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலை வழக்குகளில் சாட்சிகள் பல்டி அடிப்பதால் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்வோம்) விடுதலையாகிப் போகிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிரட்டலுக்குப் பயந்தும் காசுக்கு ஆசைப்பட்டும் சாட்சியை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே நினைப்புதான் ஓடுகிறது: போலீஸிடம் சொன்னது ஒன்று, கூண்டில் ஏறிச் சொன்னது வேறு என்றால் இரண்டில் ஒன்று பொய். அப்படி இல்லை சார். இரண்டையுமே மனசாரச் சொல்லியிருக்கலாம். இரண்டுமே தப்பாகவும் இருக்கலாம்.

நான் நீதிமன்றத் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவன். சாட்சி சொல்வார், நீதிபதி அதைச் சுருக்கி வாக்கியமாக்கிச் சொல்வார், நாங்கள் அடிப்போம். "ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து "நான் பொய் சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று முடிகிற தாள்களை எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சட்டம் படித்தவனில்லை, மனோதத்துவம் படித்தவனுமில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் திணறிய பல பேருடைய முகத்தில் பொய் இல்லை என்பது வேலையில் இருக்கும்போதே உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் ஓய்வுக்குப் பிறகு மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்த பிறகு உறுத்தல் கூடிவிட்டது.

நினைவில் மூன்று வேலை இருக்கிறது. பதிய வேண்டும், தங்க வேண்டும், கேட்கும்போது வெளியே வர வேண்டும். நம் விசாரணை முறை இந்த மூன்றிலும் எதையும் சட்டை செய்வதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் பதிவது. கண் திறந்திருந்தால் எல்லாம் பதிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். கவனம் போன இடம் மட்டும்தான் பதிகிறது. ஹார்வர்டில் 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர் ஒரு வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒரு ஆள் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. இது அமைதியான அறையில், உயிர்ப்பயம் எதுவும் இல்லாமல் நடந்தது. நடு ரோட்டில் ஒருத்தன் அரிவாளை ஓங்கும்போது பார்க்கிறவர் கண் எங்கே போகும்? அரிவாளுக்குத்தான் போகும். முகத்துக்குப் போகாது. ஆயுதம் இருந்தால் முகம் சரியாகப் பதிவதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

"அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் பார்த்த முகம், சாகும்வரை மறக்குமா?" என்று அரசு வக்கீல்கள் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அமெரிக்க ராணுவத்தில், எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று ஒரு பயிற்சி உண்டு. நிஜம் மாதிரியே மிரட்டி, தள்ளி, உலுக்கி விசாரிப்பார்கள். மார்கன் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அந்தப் பயிற்சிக்கு வந்த 500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம், உங்களை விசாரித்த ஆள் யார் என்று மறுநாள் கேட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்திக் காட்டியபோது, மென்மையாக விசாரித்தவரைச் சரியாகக் காட்டியவர்கள் 62 சதவீதம். கடுமையாக மிரட்டியவரைச் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம்தான். அரை மணி நேரத்துக்கும் மேலாக முகத்துக்கு நேரே நின்று மிரட்டியவரை, பயிற்சி பெற்ற வீரர்களே ஒரே நாளில் மாற்றிக் காட்டுகிறார்கள். நம் ஊர் டீக்கடை வாசலில் அரை நிமிஷம் பார்த்தவரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன?

அப்புறம், பதிகிறதும் நாம் கேட்கிற அளவில் பதிவதில்லை. பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா சாட்சி சொல்ல வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சம்பவம் எப்போது நடந்தது என்று கேட்டதற்கு, "சாயரட்சை தீபாராதனை மணி அடிச்சுது, நான் கடைசி முழத்தை அளந்துக்கிட்டிருந்தேன்" என்றது. அதைவிடத் துல்லியமாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. ஆனால் தாளில் "சுமார் மாலை 6.30 மணி இருக்கும்" என்றுதான் ஏறியது. அடித்தது நான்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். உங்களிடம் வாட்ச் இருந்ததா, போலீஸ் விசாரணையில் ஏழு மணி என்று சொன்னீர்களா இல்லையா, அப்போது எரிந்தது டியூப்லைட்டா சோடியம் விளக்கா, அது உங்கள் கடையிலிருந்து எத்தனை அடி? அந்த அம்மா நீதிபதியைப் பார்த்தது, ஏட்டைப் பார்த்தது, கடைசியில் "ஏழு இருக்கும்ங்க" என்றது. அவ்வளவுதான், முரண்பாடு என்று குறித்தாயிற்று. அந்த அம்மா மனதில் மணிக்கணக்கு இருக்கவே இல்லை. கோயில் மணியும் கையில் இருந்த பூவும்தான் இருந்தன. அந்த வழியாகவே கேட்டிருந்தால் இன்னும் நாலு விஷயம் வந்திருக்கும்.

இதுவும் சோதித்துப் பார்த்த சங்கதிதான். 1975-இல் காடன், பாட்லி என்ற இருவர் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களைக் கடலுக்கடியில் சில சொற்களையும் கரையில் சில சொற்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தண்ணீருக்குள் படித்தது தண்ணீருக்குள் இருக்கும்போதும், கரையில் படித்தது கரையில் இருக்கும்போதும்தான் அதிகமாக ஞாபகம் வந்தது. எந்தச் சூழலில் பதிந்ததோ அந்தச் சூழல் கைகொடுத்தால் நினைவு வெளியே வருகிறது. நீதிமன்றக் கூண்டு மாதிரி சம்பவ இடத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாத இடம் வேறு எது?

சரி, தங்குவதற்கு வருகிறேன். ஜெர்மனியில் எபிங்காஸ் என்பவர் 1885-இலேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதிவைத்தார். மறதி சீராக நடப்பதில்லை. ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதற்குப் பிறகு மாதக் கணக்கில் மெதுவாகத்தான் கழிகிறது. அரிவாள் வெட்டும் அர்த்தமில்லாத அசையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் என்கிற போக்கு பொதுவானது. அப்படியென்றால் சாட்சியை அன்றைக்கே விசாரிப்பதும் பத்து நாள் கழித்து விசாரிப்பதும் ஒன்றா? நம் ஊரில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்கீழ் போலீஸ் சாட்சிகளை விசாரித்து எழுதிய வாக்குமூலங்களில் பலவற்றைப் பார்த்தால் நாலு சாட்சி சொன்னதும் ஒரே வாக்கிய அமைப்பில், கமா உட்பட ஒரே மாதிரி இருக்கும். அது யார் நினைவு என்று கேட்காமல் இருப்பதே நல்லது.

தங்குகிற இடத்திலேயே அது மாறவும் மாறுகிறது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, எப்படி, யாரோடு இருக்கும்போது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரைக் கண்டுபிடித்து அதே கேள்விகளைக் கேட்டார். 11 பேர் சொன்னது எதிலுமே பழையதோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை. பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. யாரும் மிரட்டவில்லை, யாரும் பணம் தரவில்லை. நம் சாட்சிக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் பழைய தாளைத்தான் காட்டுகிறார், அதுவும் சாட்சி கைப்பட எழுதியது அல்ல, போலீஸ் எழுதியது, சட்டப்படி அதில் சாட்சியின் கையெழுத்துகூட இருக்கக் கூடாது.

ஏன் மாறுகிறது என்பதற்கு மூளை ஆய்விலிருந்து ஒரு பதில் வருகிறது. 2000-இல் நியூயார்க்கில் நாடெர், ஷேஃப், லெடூ ஆகியோர் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டால் ஷாக் வரும் என்று எலி பயந்து பழகிவிட்டது, அந்த நினைவு கெட்டிப்பட்டும்விட்டது. அதை மறுபடி ஞாபகப்படுத்திவிட்டு, உடனே மூளையில் புரதம் உருவாவதைத் தடுக்கிற மருந்தைச் செலுத்தினால் அந்தப் பயம் போய்விடுகிறது. ஞாபகப்படுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதாவது வெளியே எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நினைவு இளகி, மறுபடி கெட்டியாக வேண்டியிருக்கிறது. மனிதர்களுக்கு இதை எந்த அளவு பொருத்தலாம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இருக்கிறது. ஆனால் ஒரு கொலையைப் பார்த்தவர் அதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். இன்ஸ்பெக்டரிடம், பெண்டாட்டியிடம், துக்கத்துக்கு வந்தவர்களிடம், உங்கள் நிருபரிடமும்தான். கேட்டவர்கள் சும்மா கேட்பதில்லை, தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு கோணத்தில் எடுத்து, ஆளுக்கு ஒரு கோணத்தைக் காட்டி, பிறகு இருவரையும் பேசவிட்ட ஒரு ஆய்வில், 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்கவே முடியாத ஒரு விஷயத்தையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். 2003-இல் கேபர்ட்டும் உடன் இருந்தவர்களும் செய்தது. வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால்!

கேட்கிற விதம் வேறு இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸும் பாமரும் 1974-இல் செய்த ஆய்வை எங்கள் ஊர் வக்கீல்களில் சிலர்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 41 மைல் என்கிறார்கள், "தொட்டபோது" என்று கேட்டால் 32 மைல். அதைவிடக் கவலைப்பட வேண்டியது அவர்களுடைய அடுத்த சோதனையில் வந்தது. ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நொறுங்க மோதியது" என்ற கேள்வி கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். "இடித்தது" என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

இப்போது நம் சட்டத்தில் எனக்குப் புரியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அடையாள அணிவகுப்பு நடக்கிறதல்லவா, சிறைக்குள் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முன்னால், எதிரியின் சாயலில் உள்ள வேறு சிலரோடு வரிசையாக நிறுத்தி, சாட்சியைக் காட்டச் சொல்வார்கள். சம்பவம் நடந்து கொஞ்ச நாளில் நடப்பது. அதில் காட்டியது வலுச்சேர்க்கத்தான் உதவும், அதுவே முதன்மைச் சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கிறவரைக் காட்டுவதுதான் முதன்மைச் சாட்சியம். உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்னதுதான் இது, சத்தியம் செய்து குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்வதற்குத்தான் மதிப்பு என்கிற நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் நினைவின் கணக்கில் பார்த்தால் இது தலைகீழ். பல வருஷம் கழித்து, நாலு வாய்தா தள்ளிப்போன பிறகு, எதிரிக் கூண்டில் தனியாக ஒருத்தர் நிற்கிறார், பக்கத்தில் போலீஸ் நிற்கிறது. "அன்று வெட்டியவர் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டால் சாட்சி வேறு யாரைக் காட்டுவார், என்னையா? அப்படிக் காட்டுவது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது நினைவிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

உறுதி என்றதும் ஜெனிஃபர் தாம்சன் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1984, அமெரிக்காவின் வடக்கு கரோலைனா. கல்லூரி மாணவியான அவர் வீட்டுக்குள் புகுந்து ஒருவன் பலாத்காரம் செய்தான். உயிர் பிழைத்தால் இவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் முகத்தைக் கூர்ந்து பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டவர் அவர். போலீஸ் காட்டிய போட்டோக்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்பவரை, முதலில் தயங்கித்தான், காட்டினார். அப்புறம் ஆட்களை நேரில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். போட்டோவில் காட்டியதும் இதே ஆளைத்தான் என்று போலீஸ் சொன்னது. அதோடு தயக்கம் போய்விட்டது. இரண்டாவது விசாரணையின்போது, நிஜமாகவே குற்றம் செய்த பாபி பூல் என்பவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னார் அந்தப் பெண். அவர் பொய் சொல்லவில்லை. அதற்குள் அவர் மனதில் இருந்த முகமே காட்டனின் முகமாக மாறியிருந்தது. 1995-இல் டிஎன்ஏ சோதனை வந்த பிறகுதான் காட்டன் வெளியே வந்தார், பத்து வருஷத்துக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு. பிற்பாடு இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் இதைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த முதல் தயக்கத்தை யாராவது எழுதி வைத்து மதித்திருந்தால்? விக்ஸ்டட், வெல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல் எழுதியதும் இதைத்தான். ஒழுங்காக நடத்திய முதல் அடையாளச் சோதனையில் சாட்சிக்கு இருக்கும் உறுதி நம்பத்தக்கது. பின்னால் நீதிமன்றத்தில் வருகிற உறுதியை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே நினைவையே நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நியாயமே கிடைக்காது. எந்த நாளைய நினைவை நம்புவது என்பதுதான் கேள்வி.

நம் நீதிபதிகளுக்கு இது தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். 1983-இல் குஜராத் வழக்கு ஒன்றில், பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் தெளிவாகவே எழுதியது: சாட்சிக்குப் புகைப்பட ஞாபகம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, வீடியோ டேப்பைத் திரும்ப ஓட்டுவது மாதிரி அல்ல அது. நேரத்தைச் சாதாரண மக்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள், உண்மையான சாட்சிகூட நீதிமன்றச் சூழலில் மிரண்டு சம்பவ வரிசையை மாற்றிவிடலாம், விடுபட்டதைக் கற்பனையால் நிரப்பிவிடலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் கீழ் நீதிமன்றத்தில் டியூப்லைட்டா சோடியம் விளக்கா என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றும் செய்ய முடியாது என்பதும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சாட்சி சொல்வதை போலீஸ் ஆடியோ வீடியோவாகப் பதிவு செய்யலாம் என்று 180-ஆவது பிரிவு சொல்கிறது, "செய்யலாம்" என்பதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சங்கடம். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 183 சொல்கிறது, அது நல்ல காரியம். இரண்டும் சீக்கிரம் நடந்தால்தான் பிரயோஜனம். கேட்கிறவர் "சொல்லுங்கம்மா, அன்றைக்கு நீங்க என்ன செய்துக்கிட்டிருந்தீங்க" என்று தொடங்கி, குறுக்கே பேசாமல், முழுதாகச் சொல்லி முடிக்க விட்டுவிட்டு, அப்புறம்தான் கேள்வி கேட்க வேண்டும். இதற்குக் காசு பணம் எதுவும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ள வேண்டாம். கைதானவர்கள் முகத்தை மூடாமல், வரிசையாக நிறுத்தி, பின்னால் போலீஸ் நிற்க, முதல் பக்கத்தில் போட்டோ போடுகிறீர்கள். டிவிக்காரர்கள் அதையே நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். அடையாள அணிவகுப்பு அதற்குப் பிறகுதான் நடக்கும். சாட்சியும் பேப்பர் படிக்கிறவர்தானே. அணிவகுப்பில் அவர் சரியாகக் காட்டினாலும், வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி "பேப்பரில் போட்டோ பார்த்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். பார்த்தேன் என்றால் அணிவகுப்பு வீண், பார்க்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் எங்கே பார்த்த முகத்தைக் காட்டினார் என்பது அவருக்கே தெரிய வழியில்லை. கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிற வழக்குகளில், அணிவகுப்பு முடிகிற வரைக்கும் முகம் தெரிகிற போட்டோ போடுவதில்லை என்று உங்கள் பத்திரிகையாவது முடிவு செய்து, அதைப் பத்திரிகையிலேயே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
தஞ்சாவூர்